தக்காளிப் படையலும் ராக்காயி கையும்

மழையை நம்பியே பொழைக்கிற ஊரு ஒண்ணு. அந்த ஊர்ல இருளாயின்னு ஒருத்திக்கு மூணு மகன், மூணு மருமக. மூத்தவ வீரக்கா, நடுவுல ராக்காயி, கடைசி சடச்சி. மூணு பேருக்கும் மூணு கொல்லை. ராக்காயிக்குக் கிணத்தடிக் கொல்லை, வாளியை விட்டா தண்ணி. வீரக்காளுக்கு வீட்டுப் பின்கொல்லை, ஏனம் கழுவுற தண்ணியே போதும். சடச்சிக்கு ஊருக்கு வெளிய கல்லுக்காடு. அங்க தண்ணி வேணும்னா ஊருணிக்குப் போயி குடத்துல தூக்கிட்டுத்தான் வரணும்.

அந்த வீட்டுல தை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை தக்காளிப் படையல். அவங்கவங்க கொல்லையில வெளஞ்ச பழத்தைக் கூடையில கொண்டாந்து சாமிக்கு முன்னால வைக்கணும். சந்தைப் பழம் ஆகாது. யாரு பழம் நல்லாருக்கோ அவ பழத்துலதான் குழம்பு, அவ பழத்துலதான் விதை, வர்ற வருசம் கிணத்தடிக் கொல்லையும் அவளுக்குத்தான். படையல் முடியிற மட்டும் ஒருத்தி கொல்லையில இன்னொருத்தி கால் வைக்கக் கூடாது, கண்ணு பட்டுரும்னு சொல்லுவாங்க. மாமியாகூட எட்டிப் பாக்க மாட்டா.

சடச்சிக்குக் கிணத்தடிக் கொல்லை வேணும்னு அப்படி ஒரு ஆசை. இருக்காதா பின்ன? காலையில பத்துக் குடம், மத்தியானம் பத்துக் குடம், சாயங்காலம் பத்துக் குடம். இடுப்பு கன்னிப் போச்சு. ஆனா செடி என்னமா காய்ச்சுதுங்கிறீங்க, கிளை தாங்காம முட்டுக் குடுத்துக் கட்டி வச்சிருந்தா.

ராக்காயி என்ன பண்ணா? தண்ணிதான் பக்கத்துலயே இருக்கே, நாளைக்கு ஊத்திக்கலாம்னா. மறுநாளும் நாளைக்குன்னா. அதுக்கு மறுநாளும் நாளைக்குன்னா. செடி காஞ்சு சருகாயிருச்சு. ஓலை வேலிக்குள்ள இருந்ததால யாருக்கும் தெரியல.

படையலன்னிக்குக் காலையில சடச்சி ஊருணிக்குப் போன நேரம் பாத்து ராக்காயி கல்லுக்காட்டுக்குள்ள நுழைஞ்சா. தக்காளிச் செடியைத் தொட்டா கையில பச்சையாக் கறை ஏறும்ல, லேசுல போகாது, அந்த நாத்தமும் அவளுக்கு ஆகாது. ரெண்டு கையிலயும் துணியைச் சுத்திக்கிட்டு, பழுத்ததை ஒண்ணுவிடாமப் பறிச்சுக் கூடையில போட்டு நடையைக் கட்டிட்டா.

சடச்சி குடத்தோட வந்து பாத்தா செடி மொட்டையா நிக்குது. குடத்தை அப்படியே போட்டுட்டு, ஒரு பழமாச்சும் இருக்காதான்னு ஒவ்வொரு கிளையா வெலக்கி வெலக்கித் தேடுனா. ஒண்ணும் இல்ல. அங்கனயே உக்காந்து அழுதா. அப்புறம் வேற என்ன செய்ய, வெறுங்கூடையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தா.

"என்னடி சடச்சி, கூடை காலியா இருக்கு?"ன்னு கேட்டா மாமியா.

"பழத்தை யாரோ பறிச்சுட்டுப் போயிட்டாங்க அத்தை."

ராக்காயி சும்மா இருப்பாளா? "காய்ச்சிருந்தாத்தானே பறிக்கிறதுக்கு. கல்லுக்காட்டுல என்னத்த வெளையும்"னு சொல்லிட்டுத் தன் கூடையை முன்னால தள்ளி வச்சா. பழம் ஒவ்வொண்ணும் உள்ளங்கை நெறைய இருந்துச்சு. யாரு பாத்தாலும் அதைத்தான் எடுப்பாங்க. கிணத்தடிக் கொல்லை போயிருச்சுன்னு சடச்சி வெறுங்கூடையைத் தள்ளி வச்சுட்டு ஒதுங்கி நின்னா.

பழத்தைக் கையாலதான் பிசைஞ்சு குழம்புல விடணும். அதனால மாமியா செம்புத் தண்ணியும் சவுக்காரமும் எடுத்துட்டு வந்து எல்லாரையும் கை கழுவச் சொன்னா. வீரக்கா கழுவுனா, கையில ஏறுன செடிக் கறை எறங்கி நுரை மஞ்சளா வந்துச்சு. ராக்காயி கழுவுனா, நுரை பால் மாதிரி வெள்ளையா வந்துச்சு. மாமியா அதைப் பாத்துக்கிட்டா.

"சடச்சி, நீயும் வா."

"நான் பழமே கொண்டாரலியே அத்தை, எனக்கு எதுக்கு?"

"கழுவுடி."

ஒருவாட்டி கழுவுனா, நுரை பச்சையா வந்துச்சு. ரெண்டாவது வாட்டியும் பச்சை. மூணாவது வாட்டிதான் மஞ்சளுக்கே வந்துச்சு.

மாமியா திரும்பி, "ஏன் ராக்காயி, ஒரு கூடைப் பழம் பறிச்ச கையா இது?"ன்னு கேட்டா.

"துணி சுத்திக்கிட்டுப் பறிச்சேன் அத்தை."

"சரி. நேத்து செடிக்கு முட்டுக் கட்டுனப்ப?"

"அப்பவும் சுத்தியிருந்தேன் அத்தை."

"முந்தாநாளு பழுத்த எலையைக் கிள்ளுனப்ப?"

ராக்காயி கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டா.

"கிளம்புங்க, மூணு கொல்லையையும் பாத்துட்டு வருவோம். கண்ணு பட்டாப் பட்டுட்டுப் போகட்டும்"னா மாமியா. கல்லுக்காட்டுல ஒவ்வொரு செடியிலயும் காம்பு கிள்ளுன தடம் அப்பத்தான் பறிச்ச மாதிரி ஈரமா இருந்துச்சு. கிணத்தடியில ஓலை வேலியைத் தள்ளுனா, வெறகுக்குத்தான் ஆகும், அப்படிக் காஞ்சு கெடக்கு செடி. வீரக்கா தலையில அடிச்சுக்கிட்டா.

"சடச்சி, இந்தக் கொல்லை இனி உனக்கு. குழம்புக்குப் பழத்தை நீயே பிசை"ன்னு சொல்லிட்டு, மாமியா ராக்காயியைப் பாத்தா. "கல்லுக்காடு உனக்கு. செடி வாடுற நேரமாச்சு, குடத்தை எடு."

சடச்சி அழுகையும் சிரிப்புமா பழத்தைப் பிசைஞ்சா. ராக்காயி பத்துக் குடம் சுமந்துட்டு வந்து சேர்றதுக்குள்ள குழம்புச் சட்டியை எல்லாருமா வழிச்சுச் சாப்பிட்டு முடிச்சிருந்தாங்க. அவளுக்கு மோர்தான் கெடைச்சுது. அடுத்தவ தண்ணி ஊத்துன செடியில கைய வச்சா, அந்தத் தண்ணியை நாமதான் சுமக்கணும். அவ்வளவுதான் கதை, காலை நீட்டிப் படுங்க.