தட்டில் விழாத மொய்

பொன்னுலிங்கத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் உப்புக் கம்பெனிக் கூட்டத்தில். உப்பு அரித்த கால்களோடு பின்வரிசையில் நின்றான்.

தலைவர் ஞானதிரவியம் ஆயிரம் பங்கில் தொள்ளாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர். உப்பளத்தில் உழைக்கும் நாங்கள் நாற்பது பேர் வீட்டு நகையை விற்று மீதி நூறு பங்குக்குப் பணம் கட்டினோம். அந்தப் பணத்தில் வாங்கிய நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்:

“அளத்தை விற்கப்போறேன். தொள்ளாயிரம் பங்கு என்னுது. முடிஞ்சா தடுத்துப் பாருங்கலே.”

“அண்ணாச்சி, நான் கல்யாண வீட்டுல மொய் எழுதுறவன்” என்றான் பொன்னுலிங்கம். “ஆயிரம் வைப்பேன்னு வாயால சொன்னா நோட்டுல எழுதலாமா?”

“தட்டுல விழாம எவம்லே எழுதுவான்?”

“கம்பெனித் தட்டுல நீங்க எவ்வளவு வச்சீங்க? கணக்கர் படிக்கட்டும்.”

கணக்கர் தலைகுனிந்து படித்தார். செலுத்தப்பட்ட மூலதனம் பத்தாயிரம் ரூபாய். அத்தனையும் எங்களுடையது. தலைவரின் பங்குக்குக் கம்பெனி இரண்டு முறை பணம் கேட்டும் அவர் கட்டவில்லை. கம்பெனி கேட்டும் பணம் கட்டாத பங்குக்கு ஓட்டு கிடையாது என்ற விதியும் இருந்தது. அதன் கீழே முதல் கையெழுத்து தலைவருடையது.

“வைக்காத மொய்க்குப் பந்தியில தலை இலை கேக்குறீங்களே அண்ணாச்சி.”

விற்கக் கூடாது என்று நாற்பது கைகள் உயர்ந்தன. அளம் விற்கப்படவில்லை.

இரண்டே நாளில் பொன்னுலிங்கம் காய்ச்சலில் இறந்தான். முழுப் பணமும் கட்டிய மூன்று பங்குகள் இப்போது அவன் மனைவி பெயரில் இருக்கின்றன.