ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி

"என் வண்டியில என்னங்க குறை?"

பொன்னுரங்கம் இப்படிக் கேட்டபோது சௌடேஸ்வரி வேறொரு காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். நாலு வருடத்தில் பொன்னுரங்கத்துக்கு அது பழகிப்போயிருந்தது.

"ஒரு குறையும் இல்லீங்ணா," என்றது காரின் அடியிலிருந்து குரல்.

"அப்புறம் ஏன் சேத்துக்க மாட்டேங்கறாங்க?"

"ஸ்பேனர் பதிமூணு எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

சௌடேஸ்வரி இருபது வருடம் ராலி கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை வாசித்துச் சொன்னவர். இப்போது பந்தயத்துக்கு முன் கார்களைப் பரிசோதித்து, இது ஓடலாம், இது ஓடக் கூடாது என்று கையெழுத்துப் போடுபவர். பொன்னுரங்கத்துக்குப் பீளமேட்டில் உலோகம் வார்க்கும் ஃபவுண்டரி. வட்டப் பாதைப் பந்தயத்தில் ஏழு கோப்பை வாங்கியவர். அது அலுத்துப்போய், மலைச்சாலை ராலி கற்றுக்கொள்ள இவரிடம் வந்து சேர்ந்தார்.

குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சிஷ்யனுக்கு ஐம்பத்திரண்டு. ஃபவுண்டரியில் நாலு பேர் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

அவர் பிடித்த உடும்பு இந்தக் கார். ஜிடி வகை. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, வழவழப்பான நேர் சாலையில் பறப்பதற்கென்று பிறந்தது. இதை மலையேற்றி, சர்வதேச ராலியில் ஓட்டியே தீருவது என்று நாலு வருடமாகக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம்தான் வழி திறந்தது. நீலகிரியில் நடக்கும் சர்வதேசத் தார்ச்சாலை ராலியில் ஜிடி கார்களுக்குத் தனி வகுப்பு உண்டு என்று அறிவித்தார்கள். அவருடைய காரின் மாடலுக்கும் தகுதி உண்டு என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு வரி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குறைந்தது மூன்று ஜிடி கார்கள் பரிசோதனைக்கு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு கிடையாது. இந்த வருடம் மட்டுமல்ல, இனி எப்போதுமே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அன்று திங்கட்கிழமை. வந்திருந்தது ஒரே ஒரு பெயர், அவருடையது.

"ராலியில ஒவ்வொரு வண்டியாத்தானே விடறாங்க, அம்மணி?" என்றார் பொன்னுரங்கம். "ரோட்டுல நான் தனி. கூட இருக்கறது கடிகாரம் மட்டும். பக்கத்துல எவனும் வர்றதில்லை, இடிக்கறதில்லை. அப்புறம் அடுத்தவன் எதுக்குங்க?"

சௌடேஸ்வரி சறுக்குப் பலகையோடு வெளியே வந்தார். நெற்றியில் கிரீஸ். எழுந்து, கந்தலில் கையைத் துடைத்தார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டியை எஸ்டேட் ரோட்டுக்குக் கொண்டாங்க," என்றார்.

*

எஸ்டேட் ரோடு தனியாருடையது. கேட்டைச் சாத்திவிட்டால் ஆளும் மாடும் வராது. எட்டுக் கிலோமீட்டர், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. சௌடேஸ்வரி பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டை இறுக்கி, மடியில் நோட்டையும் கையில் ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டார்.

"போலாங்ணா."

போனார். குரு வளைவை வாசித்தார், சிஷ்யன் திருப்பினார். வேறு பேச்சில்லை. ஒன்பதாவது வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. பொன்னுரங்கம் அதை அப்படியே பிடித்து, இழுத்து, நேராக்கி ஏற்றினார். ஏழு கோப்பை சும்மா வரவில்லை.

மேலே போய் நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எவ்வளவுங்க?"

"ஆறு நிமிஷம் பன்னெண்டு செகண்டு."

"நல்ல நேரங்களா?"

சௌடேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எதைவிட?"

பொன்னுரங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.  காரைத் திருப்பி, கீழே கொண்டுபோய் நிறுத்தி, ஹெல்மெட்டை மாட்டினார்.

"இன்னொருக்கா ஓட்டறேன்."

இந்த முறை ஒன்பதாவது வளைவில் வழுக்கவில்லை.

"ஆறு ஒன்பது," என்றார் சௌடேஸ்வரி.

"இப்பச் சொல்லுங்க. நல்ல நேரமா, இல்லியா?"

"முன்னாடி ஓட்டுன ஆளைவிட மூணு செகண்டு குறைச்சல்."

"அதுவும் நான்தானுங்களே."

"ஆமாங்ணா."

சொல்லிவிட்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கோடு போட்டு, முடிவுப் பட்டியல் எழுதினார். முதலிடம்: பொன்னுரங்கம். கீழே, கடைசி இடம்: பொன்னுரங்கம். கையெழுத்துப் போட்டு மரியாதையாக நீட்டினார்.

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இறங்கும் வழியில் சௌடேஸ்வரிதான் பேச்செடுத்தார்.

"இந்தப் பக்கம் வேற யாருகிட்டயும் ஜிடி வண்டி இல்லீங்களா?"

"இருக்குங்க. கோத்தகிரியில போஜன்னு ஒருத்தர், அவரு தங்கச்சி மாதி. ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க. ஆனா ஓடாது."

"ஏனுங்?"

"ரெஸ்ட்ரிக்டர்தானுங்க."

ஜிடி கார்கள் மற்ற கார்களை விட்டுப் பறந்துவிடக் கூடாது என்பதற்காக, என்ஜினுக்குள் காற்று போகும் வழியில் ஒரு வளையம் மாட்டச் சொல்லியிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடு என்று சொல்வது மாதிரி. நேர் சாலையில் சமாளித்துவிடலாம். கொண்டை ஊசியில் மெதுவாகத் திரும்பி ஏறும்போது என்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும்.

"உங்க வண்டி நிக்கலியே?"

"நான் அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். காத்துக்குழாயை நானே வளைவா வார்த்திருக்கேன்."

"அவங்க அந்த வழியைக் கேக்கலியா?"

"கேட்டாங்க."

 சௌடேஸ்வரி அடிவாரம் வரும்வரை ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வைதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பொன்னுரங்கத்துக்குத் தோன்றியது.

*

ஆறு மாதத்துக்கு முன் அண்ணனும் தங்கையும் ஃபவுண்டரிக்கு வந்திருந்தார்கள். மாதி கையோடு நோட்டுக் கொண்டுவந்திருந்தாள். பொன்னுரங்கம் காபி கொடுத்தார், நன்றாகப் பேசினார், காரின் முன்மூடி மேல் மட்டும் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். அவர்கள் புரிந்துகொண்டு கிளம்பிப் போனார்கள்.

 புதன்கிழமை முழுவதும் பொன்னுரங்கம் குழாயின் மர அச்சை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபவுண்டரியில் அதைப் பேட்டர்ன் என்பார்கள். மணலில் இதை அழுத்தித்தான் அலுமினியத்தை ஊற்ற வேண்டும். கொடுத்தால் நாலு வருட உழைப்பு அடுத்தவர் கைக்குப் போகும். கொடுக்காவிட்டால் அதே உழைப்பு ஷெட்டில் நிற்கும், விருந்தாளி வந்தால் துணியை விலக்கிக் காட்டலாம்.

வியாழக்கிழமை காலையில் பேட்டர்னை எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்கு ஏறினார்.

*

மாதி ஷெட்டில் இருந்தாள். சுவரோரப் பலகையில் அலுமினியக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கோணியிருந்தது.

"பதினொண்ணுங்களா?" என்றார் பொன்னுரங்கம், எண்ணிப் பார்த்து.

"பன்னெண்டாவது ஆறிட்டிருக்கு," என்றாள் அவள். வாங்க என்று சொல்லவில்லை.

அவர் கடைசியை எடுத்து உள்ளே விரல்விட்டுத் தடவினார்.  அவருடைய குழாய்க்கும் இதற்கும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம். இன்னும் இரண்டு மாதம் விட்டால் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

"கிட்ட வந்துட்டீங்க, அம்மணி. இந்த இடத்துல மட்டும் திருப்பம் சீக்கிரம் வந்துருச்சு," என்று சொல்லிப் பேட்டர்னைப் பலகைமேல் வைத்தார்.

அண்ணன் போஜன் உள்ளேயிருந்து வந்து, பேட்டர்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு?"

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள மூணு வண்டி வேணுமுங்க. இல்லீன்னா வகுப்பே போயிரும்."

"எண்ணிக்கைக்குத்தானே? எங்க வண்டியை இப்படியே கொண்டாந்து நிறுத்தினாப் போதும். ரெண்டு வளைவு ஏறி நாங்க நின்னுருவோம், நீங்க ஜெயிச்சுட்டுப் போங்க. வழி சொல்லித்தர வேண்டியதில்லையே."

பொன்னுரங்கம் மறைக்கவில்லை.

"அதை நானும் யோசிச்சேனுங்க. மேட்டுப்பாளையத்துல ஆரம்பிச்சு, பாதி மலை ஏறுற வரைக்கும் அதேதான் யோசிச்சேன்."

"அப்புறம்?"

"அப்படி ஜெயிச்சுட்டு வந்து நல்ல நேரமான்னு கேட்டா, எங்க அம்மணி எதைவிடன்னு கேப்பாங்க."

போஜனுக்குப் புரியவில்லை. மாதி பேட்டர்னைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊத்தறது, உங்க ஃபவுண்டரியிலயா, இல்ல இங்கயேவா?" என்றாள்.

*

இரண்டு கார்களையும் கூடவே கொண்டுவந்து, பீளமேட்டில்தான் ஊற்றினார்கள். இரவுக்குள் இரண்டு குழாய் தயார். வெள்ளிக்கிழமை காலை கடைசல் பிடித்துக் காரில் மாட்டும்போது மாதி அரத்தை எடுத்துத் தன் குழாயின் வாயை ராவ ஆரம்பித்தாள்.

"அதைத் தொடாதீங்க, அளவு கெட்டுப்போகும்."

"என்னோட நாலாவது குழாயில வாய் மட்டும் நல்லா வந்திருந்தது. அது ஞாபகம் இருக்கு," என்றாள். நிறுத்தவில்லை.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. நாலு வருடம் தான் பார்த்துப் பார்த்துச் செய்ததை வந்த மறுநாளே திருத்துகிறாளே என்று இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தார். ராவி முடித்து மாட்டி, என்ஜினைப் போட்டாள்.

சத்தத்தைக் கேட்டதும் அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏழு கோப்பை வாங்கிய காது அது. தன் காரில் குறைந்த வேகத்தில் ஒரு கமறல் உண்டு என்பது அவருக்குத் தெரியும். இதில் அது இல்லை. இன்னொரு முறை என்ஜினைப் போடச் சொல்லிக் குனிந்து கேட்டார். வட்டப் பாதையில் முதல் பந்தயத்துக்குப் போனபோதுதான் அடுத்தவர் வண்டியின் சத்தத்தை இப்படி நின்று கேட்டிருந்தார்.

*

நாலரை மணிக்கு மூன்று ஜிடி கார்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றன.

சௌடேஸ்வரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதுகாப்புக் கம்பி, பெல்ட், தீயணைப்பான், வளையத்தின் அளவு. வளையங்களில் ஈய முத்திரை வைத்தார். மாதியின் காருக்குப் பத்து நிமிடம் ஆனது, போஜனின் காருக்குப் பத்து நிமிடம் ஆனது. சிஷ்யனின் கார் என்பதால் பொன்னுரங்கத்தின் காரை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். குழாய் எப்படி மூன்று காரிலும் வந்தது என்று கேட்கவே இல்லை.

கடைசியில் படிவத்தோடு வந்து பொன்னுரங்கத்தின் முன்னால் நின்றார். பேனா கையில் இருந்தது, இன்னும் எழுதவில்லை.

"ஏனுங்ணா, ஜெயிச்சுருவீங்களா?"

பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். மாதி தன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. அவள் ஜெயிக்கத்தான் வந்திருந்தாள்.

 

"தெரியலைங்க, அம்மணி."

சௌடேஸ்வரி 'தகுதி உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.