நெருப்பை மறித்த செடி

செடிகள் நடமாடவும் நெருப்பு வாய்விட்டுப் பேசவும் செய்த அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் நடுவே ருவென்சோரி மலையில் பீரா என்றொரு பெண் ஆடு மேய்த்து வந்தாள். மலையின் கீழ்ச்சரிவு முழுக்கப் புல். அதற்கு மேலே அடர்ந்த காடு. காட்டுக்குள் ஒரு குடிசையில் அவளுடைய அக்கா மசீகா இருந்தாள். அன்று விடியற்காலையில்தான் மசீகாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. தேனெடுக்கப் போன அத்தான் இன்னும் வீடு திரும்பவில்லை.

பீராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேய்கிற ஆட்டிடமும் பறக்கிற தேன்சிட்டிடமும், "தெரியுமா, நான் சித்தி ஆயிட்டேன்!" என்று சொல்லிச் சொல்லிக் குதித்தாள்.

அந்த மலையில் பெரிய மரங்கள்தான் வேரூன்றி நின்றன. செடிகள் இஷ்டம்போல அலைந்தன. அவற்றில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு செடிக் கூட்டத்துக்குப் பூவும் கிடையாது, போக்கிடமும் கிடையாது. காட்டுக்குள் போனால், "குள்ளப் பயலுகளா, எங்க வேரை மிதிக்காதீங்க!" என்று மரங்கள் துரத்தும். கீழே வந்தால், "வெயிலை மறைக்காதே, தள்ளிப் போ!" என்று புல் விரட்டும். பனிமூட்டத்தில் நின்று வயிறு முட்ட ஈரம் குடிப்பது ஒன்றுதான் அவற்றுக்குச் சுகம்.

அன்று உச்சிவேளையில் மழையில்லாமல் ஒரு மின்னல் இறங்கியது. காய்ந்த புல்லில் விழுந்ததுதான் தாமதம், நெருப்பு குப்பென்று எழுந்து நின்றது.

"அப்பாடா, என்ன பசி!" என்று கத்திக்கொண்டே அது மேலே ஏறத் தொடங்கியது.

ஆடுகள் திசைக்கொன்றாகச் சிதறின. பீரா காட்டை நோக்கி ஓடினாள். காட்டோரத்தை அடைந்ததும் சட்டென்று நின்றாள். எழுந்து உட்காரவே தெம்பில்லாத அக்காவையும் பச்சைக் குழந்தையையும் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது? நெருப்பு காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் குடிசை அதற்கு ஒரு வாய்க்குக் காணாது.

அப்போது அந்தச் செடிக் கூட்டம் வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடியது.

"நில்லுங்க! உங்க உடம்பெல்லாம் ஈரம். வரிசையா நின்னா நெருப்பை மறிச்சிடலாம்!" என்று பீரா கத்தினாள்.

முன்னால் ஓடிய செடி திரும்பிப் பார்த்தது. "எங்களைத் துரத்தின காட்டுக்காக நாங்க ஏன் வேகணும்? எங்களுக்குக் கால் இருக்கு, பீரா. உனக்கும் இருக்கு. ஓடு!"

"உள்ளே என் அக்கா குழந்தை இருக்கு. நான் போக மாட்டேன்" என்றாள் பீரா. தோளில் கிடந்த ஆட்டுத்தோலைக் காட்டோரம் ஓடிய ஓடையில் முக்கி எடுத்தாள். காட்டுக்கும் நெருப்புக்கும் நடுவே போய் நின்றாள்.

நெருப்பு வந்துவிட்டது. அனல் அவள் புருவத்தைப் பொசுக்கியது.

"ஏய் பொண்ணு, விலகு. உன்மேல எனக்குக் கோபமில்ல. பசி, அவ்வளவுதான்."

"இந்தப் பக்கம் வழி இல்ல!"

"யார் சொன்னது?"

"நான் சொல்றேன்!"

"நீ யாரு?"

"அந்தப் புள்ளையோட சித்தி!"

நெருப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அது சிரிக்கச் சிரிக்கப் பொறி பறந்தது. பீரா ஈரத்தோலை ஓங்கி அடித்தாள். ஒரு நாக்கு அணைந்தால் பக்கத்தில் இன்னொன்று நீண்டது. கை ஓய்ந்து போகிற நேரம், அவள் பக்கத்தில் ஏதோ சரசரத்தது. அந்தச் செடி!

"பயமாத்தான் இருக்கு, பீரா. கால் இருந்தா மறுபடியும் ஓடிடுவேன்" என்றது அது. பிறகு, தன் வேரை மண்ணுக்குள் ஆழக் குத்தி இறக்கியது. இனி அதனால் ஓட முடியாது.

அதைப் பார்த்து அடுத்த செடி வேரை இறக்கியது. அதற்கடுத்தது. சரக், சரக் என்று காட்டோரம் நெடுகச் செடிகள் ஊன்றி நின்றன. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளியே தெரியாமல் நெருக்கி அடுக்கிக்கொண்டன.

நெருப்பு பாய்ந்து கடித்தது. குடித்து வைத்திருந்த ஈரமெல்லாம் சீறியது. பொறிகள் இலைகளைத் துளைத்தன. பட்டை வெந்து சிவந்தது. "விடாதீங்க! இன்னும் கொஞ்சம்!" என்று கத்தியபடி பீரா வரிசை நெடுக ஓடி ஓடி அடித்தாள். செடிகள் தங்களைக் கடித்த தீ நாக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கின. கடைசியில் நெருப்பு தள்ளாடியது. "இப்படி ஒரு சாப்பாட்டை நான் பார்த்ததே இல்ல" என்று முனகிக்கொண்டே சாம்பலில் படுத்துவிட்டது.

பீரா மூச்சிரைக்கக் குடிசைக்குள் ஓடினாள். மசீகா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி முகமெல்லாம் கரி? அடுப்புல எதைத் தீய விட்ட?"

பீராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. மறுபடியும் காட்டோரத்துக்கு ஓடிவந்தவள் வாயைப் பிளந்து நின்றாள். விழுங்கிய நெருப்பு செடிகளின் கிளை நுனியெல்லாம் எட்டிப் பார்த்தது! மெல்லத் தொட்டாள்; சுடவில்லை. ஐந்து இதழ் விரித்த மஞ்சள் பூ.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"கூச்சமா இருக்கு" என்றது செடி. "எல்லாரும் என்னையே பார்க்கறாங்க."

அன்று முதல்தான் அந்தச் செடி மலையில் காடு முடிகிற ஓரத்தில் வேரூன்றி நிற்கிறது. அதன் பட்டை சிவந்திருக்கிறது. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் பொறி துளைத்த புள்ளிகள் தெரிகின்றன. மழை பெய்து ஓய்ந்ததும் யாரோ பக்கத்தில் தாளித்ததுபோல் மணக்கிறது. ஒவ்வொரு கிளை நுனியிலும் சுடாத நெருப்பு மஞ்சளாகப் பூக்கிறது.