நீதிபதி உட்கார்ந்த இடம்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்ட பராக்கிரமவல்லவருக்கு ஆசைகள் திடீர் திடீரென்று வரும். ஒருநாள் அண்டை நாட்டுத் தூதன் வந்தவன், "எங்கள் ஊரில் காலையில் தொடுத்த வழக்கு சாயங்காலம் முடிந்துவிடும்" என்று பீற்றிக்கொண்டு போனான். அரசருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "நம் நீதிமன்றமும் புதிதாக வேண்டும். இப்போதே வேண்டும்" என்று சபையைக் கூட்டிவிட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளுக்காக இரண்டு பேர் சண்டை போடுகிறார்களோ, அந்தப் பொருளைத் தீர்ப்பு வரும்வரை நீதிமன்றத்திலேயே வைத்துக்கொள்வார்கள். அதனால் நீதிமன்ற முற்றத்தில் மாடும் சேவலும் கட்டிலும் ஓடமுமாக ஒரு சந்தையே கூடியிருந்தது. வாழைத்தார் பழுத்தால் தலைமை நீதிபதி அம்பலவாணர் வீட்டுக்குப் போகும். கோழி முட்டையும் கறந்த பாலும் அங்கேதான் போகும். அப்புறம் அவர் எதற்குத் தீர்ப்புச் சொல்ல அவசரப்படப் போகிறார்?

அரசவையில் ஒரு விகடன் இருந்தான். பெயர் உலகளந்தான், ஆள் மட்டும் அரசரின் இடுப்புக்குத்தான் வருவான். அவனுக்கு இந்த நீதிமன்றத்தின் மேல் தனிக் கோபம். தயிர்க்காரி சடைச்சியின் எருமையை அவள் கொழுந்தன் தன்னுடையது என்று வழக்குப் போட, எருமை முற்றத்துக்குப் போய்விட்டது. சடைச்சிக்குப் பிழைப்புப் போயிற்று. அவள் தோய்த்த கெட்டித் தயிர் இல்லாமல் உலகளந்தானுக்குச் சோறு சோறாகவே தெரியவில்லை.

சபையில் அம்பலவாணர் எழுந்து கனைத்தார். "அரசே, நீதிமன்றத்தைப் புதுப்பிக்க வழி கண்டுவிட்டேன். நீதிபதிகளுக்குப் புதிய தலைப்பாகை. புதிய வெண்குடை. ஒவ்வொரு வழக்குக்கும் இனி ஒருவருக்குப் பதிலாக மூன்று நீதிபதிகள்."

"அரசே, நத்தை மெதுவாகப் போகிறது என்று அதன் முதுகில் இன்னும் இரண்டு நத்தைகளை ஏற்றச் சொல்கிறார்" என்றான் உலகளந்தான்.

அரசர் குலுங்கிச் சிரித்தார். அம்பலவாணருக்குக் காது சிவந்துவிட்டது. வெகுநாளாகவே இவனை ஊரைவிட்டுக் கிளப்பக் காத்திருந்தவர் அவர்.

"அப்படியானால் சட்டத்தை இவரே இயற்றட்டும், அரசே. ஆனால் நீதிமன்றச் சுவரில் தங்கள் முன்னோர் வெட்டிவைத்த சட்டத்தில் ஓர் எழுத்தையும் அழிக்கலாகாது. அதன் கீழே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த ஒரு வரியால் வழக்குகள் தீர வேண்டும். தீராவிட்டால் இவர் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும்."

"ஆகா, நல்ல போட்டி" என்று அரசர் கைதட்டிவிட்டார். அவருக்கு என்ன, வேடிக்கை கிடைத்தால் போதும்.

உலகளந்தான் நீதிமன்றத்துக்கு ஓடினான். முற்றத்தில் தன் எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சடைச்சியிடம் நடந்ததைச் சொன்னான்.

"எருமை போறப்ப ஒண்ணாப் போச்சு சாமி. இப்பக் கன்னுக்குட்டியோட நிக்குது. அந்தக் கன்னுக்குத் தனி வழக்காம்" என்றாள். "சாட்சியெல்லாம் எப்பவோ சொல்லி முடிச்சாச்சு. தீர்ப்புதான் வாயை விட்டு வர மாட்டேங்குது."

அவன் சுவரை அண்ணாந்து பார்த்தான். அந்தக் காலத்தில் நீதிபதிகள் ஊர் ஊராக நடந்து போய், மரத்தடியில் உட்கார்ந்து வழக்குக் கேட்பார்களாம். அதற்கு ஏற்றபடி வெட்டியிருந்தது: 'நீதிபதி அமர்ந்த இடமே நீதிமன்றம். வழக்குப் பொருள் தீர்ப்பு வரும்வரை நீதிமன்றத்தில் இருக்கக் கடவது.'

உலகளந்தான் இன்னொரு முறை படித்தான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"ஐயோ பாவம், ஊரைவிட்டுப் போறதுன்னதும் புத்தி பேதலிச்சிடுச்சு" என்றாள் சடைச்சி.

அன்றே கல்தச்சன் புது வரியை வெட்டினான்: 'மேலே உள்ளது அப்படியே நடக்கக் கடவது.' அம்பலவாணர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று மீசையைத் தடவிக்கொண்டார். அரசர் ஒப்பினார். உலகளந்தான் நேரே காவல் தலைவனிடம் போய், "அரசர் ஆணை, ஓர் எழுத்துப் பிசகக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை அம்பலவாணர் வீட்டில் இலை போட்டார்கள். அவர் பலகையில் உட்கார்ந்தார். உடனே வாசலில் தடதடவென்று சத்தம். முதலில் எருமை வந்தது, பின்னாலேயே கன்று. அண்ணன் தம்பி சண்டையில் சிக்கிய கட்டில் வந்தது. சேவல் பறந்து வந்து இலையில் இறங்கியது. ஓடத்தை மட்டும் வாசலில் நுழைக்க முடியாமல் சேவகர்கள் திணறினார்கள்.

"என்னடா இது?" என்று அலறி எழுந்தார். எழுந்ததும் எல்லாம் வெளியே போயிற்று.

"தாங்கள் அமர்ந்தால் நீதிமன்றம், எழுந்தால் இல்லை ஐயா" என்றான் காவல் தலைவன் பணிவாக.

அவர் மெல்ல உட்கார்ந்து பார்த்தார். எருமை உள்ளே வந்தது. எழுந்தார். போயிற்று. பாதி உட்கார்ந்தார். எருமை நிலைப்படியில் தலையை மட்டும் நீட்டி, என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நின்றது.

நின்றுகொண்டே சாப்பிட்டார். அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்கிடும். உட்கார்ந்தா எருமை வந்துடும். அந்தத் தீர்ப்பைத்தான் சொல்லித் தொலைங்களேன்."

"பால்?" என்றார் அவர் பரிதாபமாக.

அன்றைக்குத்தான் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் சம்பந்தி ஜமக்காளத்தைத் தட்டி, "உட்காருங்க சம்பந்தி" என்றார். எத்தனை நேரம்தான் மறுப்பது? உட்கார்ந்தார். கட்டில் வந்தது, ஓடம் வந்தது, எருமை கன்றோடு வந்தது, வாழைத்தார்கள் வரிசையாக வந்தன.

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "சீர்வரிசை ரொம்பப் பலமா இருக்கே. இதெல்லாம் எதுக்கு?"

அம்பலவாணர் பதறி எழுந்தார். எல்லாம் திரும்பிப் போயிற்று. சம்பந்தியின் முகம் கறுத்தது. "கொண்டாந்த சீரைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறது எந்த ஊர் வழக்கமுங்க?"

கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அம்பலவாணர் தொப்பென்று உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார். "கட்டில் அண்ணனுக்கு. ஓடம் துறைக்காரனுக்கு. சேவல் வளர்த்தவளுக்கு." ஒவ்வொன்றாக வாசலைக் கடந்தது. விஷயம் கேள்விப்பட்டு அரசரும் உலகளந்தானும் வந்து சேர்ந்தபோது எருமையும் கன்றும்தான் பாக்கி. அம்பலவாணர் எருமையைப் பார்த்தார். எருமை அவர் தலைப்பாகையை நிதானமாக மெல்லத் தொடங்கியது.

"சடைச்சிக்கே. கன்றும் சடைச்சிக்கே" என்றார் நீதிபதி.

அரசர் ஓர் ஓரமாகச் சாய்ந்து மூச்சு முட்டச் சிரித்தார். முத்து மாலையைக் கழற்றி உலகளந்தான் கழுத்தில் போட, அது அவன் முழங்கால்வரை தொங்கியது. "உலகளந்தானே, இனி நீயே தலைமை நீதிபதி. நீதிபதி ஆசனத்தில் உட்கார்."

உலகளந்தான் விறைத்து நின்றான். "வேண்டாம் அரசே. எனக்கு உட்காரப் பிடிக்கும்."

அரசர் மறுபடி சிரித்து, சபையில் தன் பக்கத்திலேயே அவனுக்கு ஒரு பொன் முக்காலி போட்டுக் கொடுத்தார். அதில் அவன் உட்கார்ந்தபோதெல்லாம் அவனைத் தேடி வந்தது ஒன்றே ஒன்றுதான்: சடைச்சியின் தயிர்ச்சட்டி.