ஊட்ல சொல்லிட்டு வந்துட்டியா?

"ஏனுங் டீச்சர், எனக்கு இன்னும் என்னதானுங்க குறை?"

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுக்காமல் கேட்டுவிட்டார் குழந்தைவேலு. பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஐம்பதைத் தாண்டியவர்.

பெரியவர்களுக்குச் சைக்கிள் பழக்கும் சுகந்தி டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

"குறை ஒண்ணுமில்லீங்க," என்றார் சுகந்தி.

"ஹெல்மெட் போடறேன். கை காட்டித்தான் திரும்பறேன். ஒன்வேல போறதில்ல. சிக்னல்ல நான் மட்டும்தானுங்க கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்!"

"ஆமாங்க."

"அப்பறம் சரின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனுஷன் தவம் கிடந்தார். மனைவி சரோஜினி கறாராகச் சொல்லிவிட்டாள். டீச்சர் சரி சொன்னால் சைக்கிளில் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் பஸ்தான். அந்தப் பஸ்ஸில் தினமும் ஒற்றைக் காலில் தொங்கி அவருக்கு அலுத்துவிட்டது.

சுகந்தி தன் சைக்கிளை எடுத்தார்.

"கம்பெனி கேட் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. நான் பின்னாலயே இருக்கேன்."

குழந்தைவேலுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மிதித்தார். காலைக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தட்டிக்கொடுத்தது. நிறுத்தத்தில் பிதுங்கிக்கொண்டு நின்ற அதே பஸ்ஸை, நன்றாக இடம் விட்டு, கை காட்டிக் கடந்தார். ஜன்னலோரம் தூங்கி வழிந்தவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஸ்பீடு பிரேக்கரில் வேகத்தைக் குறைத்தார். பள்ளத்தை ஒதுக்கினார். ஒரு பிசகு இல்லை.

ஆஹா, இதுவல்லவா வேலைக்குப் போவது!

முச்சந்தி வந்தது. மூலையில் பிள்ளையார் கோயில்.

இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தவருக்கு ஒரு கும்பிடு போடாமல் போவதா? வண்டி போகிற போக்கிலேயே கண்ணை மூடினார். வலது கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையாரப்பா, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.

கிறீச்!

கண்ணைத் திறந்தால், முழங்காலை உரசுகிற மாதிரி ஓர் ஆட்டோ. பக்கத்துச் சந்திலிருந்து திரும்பியது, அப்படியே குறுக்கே நின்றிருந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பெருசு! ஊட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

கத்திவிட்டு, வண்டியை வளைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழந்தைவேலு சைக்கிளை ஓரம் கட்டினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களாங் டீச்சர்? சாமி கும்பிட்டது ஒரு தப்பா? என்ன பேச்சுப் பேசிட்டுப் போறான்!"

"அவர் பேசலீங்க. கேள்விதானே கேட்டாரு."

"இதெல்லாம் ஒரு கேள்வியாங்க?"

"பதில் சொல்லுங்க."

"சொல்லிட்டுத்தானுங்க வந்தேன்!"

"யாருகிட்ட?"

"சரோஜினிகிட்ட. வாசல்ல நின்னுட்டிருந்தா."

"என்னன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் சொல்றதுதானுங்க. போயிட்டு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து தினமும் செருப்பை மாட்டிக்கொண்டே வீசிவிட்டு வருகிற வார்த்தை. அதற்குப் பின்பாதி என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

"மிச்சத்தையும் சொல்லுங்க," என்றார் சுகந்தி.

"...வரேன்னு."

"சரி," என்றார் சுகந்தி.