யானை நின்ற வலை

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். அரசரின் கேள்விக்குப் பதில் தெரியாதவன் தலை கழுத்தில் தங்காத காலம் அது.

ஒருநாள் புலவர் ஒருவர் பாடிய பாட்டில் ‘வலைவரி’ என்றொரு சொல் வந்தது. வலைபோல் ஓடும் கோடுகள் என்று பொருள் சொன்னார். அரசருக்குத் திருப்தியில்லை.

“சொல்லுக்குச் சொல்லால் விளக்கம் வேண்டாம். நான் கண்ணால் பார்க்க வேண்டும்” என்றார்.

ஏரி குளங்களைக் கவனிக்கும் அமைச்சர் கங்காதரருக்கு விகடகவி ஆலங்காட்டானைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து எழுந்தார்.

“ஆலங்காட்டான் காட்டட்டும், அரசே. ஆனால் நூல் கூடாது. யார் கையும் பின்னியதாக இருக்கக் கூடாது. தங்கள் பட்டத்து யானை ஏறி நின்றாலும் அறுந்துபோகக் கூடாது.”

“நாளை உச்சிப் பொழுதுக்குள் காட்டு. இல்லையேல் உன் தலை இருக்காது” என்றார் அரசர்.

ஊரையே சிரிக்க வைத்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே வீடு வந்தான். வாசலில் தலை வெட்டும் காவலன் காத்திருந்து, அவன் கழுத்தைக் கயிற்றால் அளந்தான்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. தலைய வைக்கிற கட்டைய இப்பவே செதுக்கி வச்சாத்தான் ஆகும்.”

ஆலங்காட்டானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “உமையா, கொஞ்சம் தண்ணி குடு.”

மனைவி உமையாள் வெறுங்குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். “தண்ணிக்கு எங்க போவேன்? மடை ஒடைஞ்சு மூணு மாசமாச்சு. அமைச்சர் எட்டிக்கூடப் பாக்கல. ஏரி வெடிச்சுக் கெடக்கு.”

“எப்படி வெடிச்சிருக்கு?”

“எப்படின்னா? விரிச்சுப் போட்ட மீன்வலையாட்டம்!”

வழி கிடைத்தது, பயம் போகவில்லை. அரசருக்குப் பிடிக்காததைக் காட்டினாலும் தலை போகலாமே!

மறுநாள் அரசர் ஏறிய யானையை ஏரிக்கு நடத்திச் சென்றான். கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த சேறு.

“இதுதான் வலைவரி, அரசே. நூல் இல்லை, கை படவில்லை. யானை நிற்கிறது, அறுந்துபோகவில்லை. மீன்தான் கிடையாது” என்றான்.

அரசர் குனிந்து வெடிப்புகளைப் பார்த்தார். ஆலங்காட்டான் கண்ணை மூடிக்கொண்டான்.

“கங்காதரரே, ஏரி நிரம்பி வழிகிறது என்றீரே?”

அமைச்சர் யானைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“வலை கேட்டீர், நீரே அகப்பட்டுக்கொண்டீர்!” என்று அரசர் குலுங்கிச் சிரித்தார். “ஆலங்காட்டானே, என்ன பரிசு வேண்டும்?”

“ஒரு குடம் தண்ணீர், அரசே.”

அரசரின் சிரிப்பு நின்றது. அரண்மனைக் குளத்தை ஊருக்குத் திறந்துவிடச் சொன்னார்.

அன்று மாலை, முதல் குடத்தைச் சுமந்து வந்து உமையாளின் வாசலில் இறக்கி வைத்தவர் கங்காதரர்.