கல் பிடித்து வைத்த தோசை

அந்தக் காலத்தில் அடுப்படியில் வாய் இல்லாத சாமான் என்று ஒன்றும் கிடையாது. உலைமூடி முணுமுணுக்கும், அம்மி அதட்டும், ஆட்டுரல் சுற்றிச் சுற்றி ஒரே வம்பையே பேசும். பறவைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனிதரோடு மனிதராக உட்கார்ந்து ஊர்க்கதை அளந்தன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், அடுப்படிக் கூரையின் விட்டத்தில் ஒரு மைனா குடியிருந்தது. குஞ்சாக இருந்தபோது கொல்லையில் விழுந்து கிடந்த அதை, அந்த வீட்டு மருமகள் காத்தாயி எடுத்துப் பஞ்சில் வைத்து, ஊறிய பருப்பை நசுக்கி நசுக்கி ஊட்டி வளர்த்தாள். சிறகு முளைப்பதற்கு முன்னாலேயே அதற்குப் பேச்சு முளைத்துவிட்டது. வாயாடி என்று பேர் வைத்தாள்.

எந்தக் குரலும் வாயாடிக்கு அரை நாளில் வந்துவிடும். மாமனார் வீரணன் குரலா? முதலில் "க்ர்ர்ம்" என்று ஒரு கனைப்பு, அப்புறம் பெரிய பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல ஒரு முழக்கம். காத்தாயியின் புருசன் சங்கிலி, கொட்டாவியில் தொடங்கிக் கொட்டாவியில் முடிப்பவன். கொழுந்தன் மாயழகு எதைச் சொன்னாலும் ஏற்றம் இறைக்கிற பாட்டுப்போல இழுப்பான். ஏழு வயது மகள் பூவம்மா மூக்கை உறிஞ்சாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அத்தனையும் வாயாடியிடம் இருந்தன, கொட்டாவி, உறிஞ்சல் உள்பட.

"க்ர்ர்ம்! அடேய் சங்கிலி, மாடு அவுந்துருச்சுடா!"

சங்கிலி வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடுவான். மாடு கட்டுத்தறியில் நிம்மதியாக அசைபோட்டபடி, "என்னப்பா, காலங்காத்தால இம்புட்டுத் தூரம்?" என்று விசாரிக்கும். விட்டத்தில் வாயாடி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தவிக்கும்.

ஆனால் அந்த வாயால் அது செய்த பெரிய வேலை, தோசை திருடியது.

தோசை சுடும் நாளில் காத்தாயி அடுப்பை விட்டு அசைய முடியாது. மற்றவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் சுட்டு நிலைப்படி ஓரத்துத் தட்டில் போடப் போட, பூவம்மா எடுத்துக்கொண்டு ஓடுவாள். எல்லாரும் தின்று முடிக்கும்போது பானையடியில் சரியாக இரண்டு தோசைக்கு மாவு நிற்கும். அந்த நேரம் பார்த்து வாயாடி கதவுக்குப் பின்னால் இறங்கி இழுக்கும்.

"மதினீஈ... இன்னும் ரெண்டே ரெண்டுஉ..."

"யாரு, மாயழகுத் தம்பியா? இப்பத்தான எட்டுத் தின்ன?"

"வளர்ற பிள்ளை மதினீஈ..."

இருபத்திரண்டு வயசுப் பிள்ளை இன்னும் எங்கே வளரப்போகிறது என்று காத்தாயி சிரித்துக்கொள்வாள். சிரித்துக்கொண்டே பானையை வழித்து ஊற்றித் தட்டில் வைத்துவிட்டு அடுப்பைத் தணிக்கத் திரும்புவாள். மறுபடி பார்க்கும்போது தட்டு காலியாக இருக்கும். முருங்கை மரத்து உச்சியில் ஒருவர் முறுகலில் தொடங்கி மெத்தென்ற நடுப்பகுதிக்கு முன்னேறிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் தோசை இருந்தது, தொட்டுக்கொள்ளத் துவையல் இல்லை. வாயாடி துவையலைத் தேடி அடுப்படிக்குத் திரும்பி வந்தது.

காத்தாயி வெறும் பானையில் தண்ணீர் ஊற்றி அலசிக் கழுநீர்ப் பானையில் கவிழ்த்தாள். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். முந்தானையை வயிற்றோடு இழுத்து இறுக்கிச் செருகினாள். விளக்குமாற்றை எடுக்கக் குனிந்தவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

வாயாடி அடுப்போரம் இறங்கி, சூடு ஆறிக்கொண்டிருந்த தோசைக்கல்லிடம் கேட்டது. "கல்லண்ணே, அக்காவுக்கு என்ன?"

"பசி," என்றது கல்.

"பசிச்சாத் திங்க வேண்டியதுதான?"

"எதைத் திங்க? மிஞ்சுற ரெண்டு தோசைதேன் அவளுக்கு. அதையும் அந்த மாயழகுப் பய வந்து வாங்கித் தின்னுட்டுப் போறான். வளர்ற பிள்ளையாம்! பனமரம் மாதிரி இருக்கான்."

அந்த மாயழகு யார் என்று வாயாடிக்குத்தான் தெரியும்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தருக்குமா தெரியாது? நேராகக் கூடத்துக்குப் பறந்துபோய் ஒவ்வொருவரிடமும் கேட்டது. "காத்தாயி எப்பச் சாப்பிடுவா?"

வீரணன் கனைத்தார். "க்ர்ர்ம். நாம எந்திரிச்ச பெறகு சாப்பிடுவா."

சங்கிலி கொட்டாவி விட்டான். "நமக்கு முன்னாடியே சாப்பிட்டிருப்பா."

"ருசி பாத்துப் பாத்தே வயிறு ரொம்பிரும்லஅ..." என்று இழுத்தான் மாயழகு.

பூவம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஆத்தா தோசை திங்குமா?" என்று திருப்பிக் கேட்டாள்.

வாயாடி விட்டத்துக்குத் திரும்பி, சிறகுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

மறுமுறை தோசை சுட்ட அன்று அது தின்ன வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சரிசெய்யப் பார்த்தது. முதல் தோசை கல்லில் வேகும்போதே கதவுக்குப் பின்னால் நின்று, சங்கிலியின் குரலில், "ஆவ்வ்... காத்தாயி, மொதல்ல நீ தின்னுத்தா. பெறகு எங்களுக்குப் போடலாம்... ஆவ்வ்" என்றது.

காத்தாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "வாயாடி! வெளிய வா! கொட்டாவி சரியா இருக்கு, பேச்சுத்தேன் சரியில்ல. எம் புருசன் என்னைக்கு அப்படிச் சொல்லியிருக்காரு?"

சிரித்தபடியே அந்தத் தோசையை எடுத்துத் தட்டில் போட்டாள். வட்டமாக, பொன்னாக இருந்தது. பூவம்மா கொண்டுபோனாள். அன்றைக்குக் கடைசி இரண்டு தோசையும் காத்தாயிக்குக் கிடைத்திருக்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். அவளை உட்காரவைத்து, "எனக்குப் பசிக்கல" என்று சொல்லிப் பரிமாறிவிட்டாள் காத்தாயி. நல்ல தோசை கையில் இருந்தால் அவளுக்கு எப்படியாவது ஒரு ஆள் அகப்பட்டுவிடுவார்.

வாயாடி கல்லிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.

"அடப் படுபாவி! நீதானா?" கல்லுக்குக் கோபத்தில் ஆறிய சூடு திரும்ப ஏறியது. "ஒரு மாசமா அந்தப் பயலை நான் வைஞ்ச வசவெல்லாம் வீணாப் போச்சே!"

"வைய்யி. வேணும்னா என்னைய மறுபடி வைய்யி. ஆனா ஒரு உதவி செய்யி. யாருமே வேணாம்னு சொல்ற மாதிரி ஒரு தோசை வேணும். கிழிஞ்சது, பிஞ்சது, ஓரம் கருகினது. அதை அக்கா யாருக்கும் குடுக்க முடியாது. அவதேன் திங்கணும். நீ ஒண்ணே ஒண்ண மட்டும் விடாம பிடிச்சுக்க."

கல் திகைத்துப்போனது. "என்ன பேச்சுப் பேசுற? எம் முதுகுல விழுந்த தோசை ஒண்ணாச்சும் இன்னைக்கு வரைக்கும் கிழிஞ்சிருக்கா? முழு நிலா மாதிரி தோசை எந்த வீட்டுலன்னு ஊருக்குள்ள கேட்டுப் பாரு. இந்தப் பேரை விட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு? போ, போ."



அந்த மாதமே மாயழகுக்குப் பெண் பேசி முடித்தார்கள். பெண்வீட்டார் பன்னிரண்டு பேர் முதன்முதலாகக் கை நனைக்க வந்தார்கள். விருந்தில் ஒரு குறை வந்தாலும் ஊர் போய்ச் சேருமுன் பேச்சாகிவிடும். காத்தாயி முதல்நாளெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, வீட்டை மெழுகி, அத்தனை பேருக்கும் மாவாட்டினாள். அன்று மதியம் தின்ற ஒரு கைக் கூழோடு சரி, அப்புறம் தண்ணீர்தான்.

காலையில் அடுப்பு மூண்டது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, எப்போதும்போல் கல்லின் முதுகை ஓரம் விடாமல் தேய்த்துக்கொடுத்தாள். "இன்னைக்கு எம் மானத்தை நீதேன் காப்பாத்தணும் ராசா," என்றாள். அவளிடம் வந்த நாளிலிருந்து அந்தக் கல்லில் ஒரு பொட்டுத் துரு ஏறியதில்லை. ஏற அவள் விட்டதில்லை.

மாவை மொண்டு ஊற்றினாள். கரண்டி வட்டம் வட்டமாகப் போகவில்லை. உதறியது. அவள் கை நடுக்கம் கரண்டியில் இறங்கி, மாவில் இறங்கி, கல்லின் முதுகில் எழுத்துப்போல் ஓடியது. கல் அதைப் படித்தது.

விட்டத்திலிருந்து வாயாடி எட்டிப் பார்த்தது. கல் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தோசையை இறுக்கிப் பிடித்தது.

காத்தாயி தோசைத் திருப்பியை நுழைத்தாள். வரவில்லை. அடுத்த ஓரத்தில் நெம்பினாள். நடுவில் கிழிந்தது. சுரண்டச் சுரண்ட நாலு துண்டாக, கொசகொசவென்று வந்தது.

பெண்ணின் தாய் கருப்பாயி அந்த நேரம் பார்த்து நிலைப்படியில் தலையை நீட்டினாள். "ஏம்மா காத்தாயி, உங்க வீட்டுக் கல்லுக்கும் உனக்கும் எதும் சண்டையா?"

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கல் அவமானத்தில் இன்னும் கறுத்தது. காத்தாயிக்கு முகமெல்லாம் வேர்த்தது. அந்தத் துண்டுகளை அள்ளிக் கழுநீர்ப் பானையை நோக்கித் திரும்பினாள்.

போச்சு, என்று நினைத்தது வாயாடி. போட்டால் எல்லாம் போச்சு.

"க்ர்ர்ம்! அதை எறியாத தாயி!"

காத்தாயியின் கை பானைக்கு மேலே நின்றது.

"மொதத் தோசை சுடுறவளுக்கு. அவ தின்ன பெறகுதேன் மத்தவங்களுக்கு. இது நம்ம வீட்டு வழக்கம். தின்னு."

எல்லாரும் நிலைப்படிக்கு நேரே கூடத்தில் உட்கார்ந்திருந்த வீரணனைத் திரும்பிப் பார்த்தார்கள். வீரணனின் வாய் நிறைய வெற்றிலை. கன்னம் இரண்டும் உப்பி, சாறு ஒழுகாமல் இருக்க உதட்டை இறுக்கி வைத்திருந்தார். அந்த வாயால் ஒரு எழுத்துப் பேச முடியாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அவர் மெதுவாக அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மைனா நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அது சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தவர், மருமகளைப் பார்த்தார். கிழிந்த தோசையை ஏந்திய கையைப் பார்த்தார். கல்யாணத்தன்று அழுத்தி ஏற்றிய வளையல்கள், அந்தக் கையில் இப்போது முழங்கை வரை சரிந்து கிடந்தன.

எழுந்து வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பினார். வாய் கொப்பளித்தார். திரும்பி வந்தார்.

"என்ன எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்குறீங்க? க்ர்ர்ம். நாந்தேன் சொன்னேன்." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "எட்டு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். உக்காந்து தின்னுத்தா."

காத்தாயி அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பூவம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். "ஏய்! ஆத்தா தோசை திங்குது! எல்லாரும் வாங்க, ஆத்தா தோசை திங்குது!"

சங்கிலிக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. அன்றைக்குத்தான் அவனுக்கு முழுசாக முழிப்பு வந்தது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்ப் பெண்டாட்டி பக்கத்தில் வைத்தான்.

இரண்டாவது துண்டை மென்ற காத்தாயி சட்டென்று நிறுத்தினாள். கண் அகல விரிந்தது.

"மாமா..."

"என்னத்தா?"

"மாவுக்கு உப்பே போடல!"

பசிக் கிறுக்கில் மறந்துபோயிருக்கிறாள். கருப்பாயிதான் முதலில் சிரித்தாள். "நல்ல வேளை! பன்னெண்டு இலையில சப்புன்னு விழுந்திருக்கும். சம்பந்தி, உங்க வீட்டு வழக்கம் நல்ல வழக்கம். எங்க வீட்டுலயும் இன்னைக்கே வச்சிர்றேன். நானும் எத்தன நாளு தண்ணியக் குடிச்சிட்டுப் படுக்குறது?"

உப்புக் கரைத்து ஊற்றிய மறு தோசையைக் கல் பூப்போல விட்டது. அதற்கடுத்ததையும், அதற்கடுத்ததையும். பன்னிரண்டு பேரும் கேட்டுக் கேட்டுத் தின்றார்கள். எல்லாரும் கை கழுவப் போன பிறகு, கதவுப்பக்கமிருந்து ஒரு குரல் இழுத்தது.

"மதினீஈ... இன்னும் ரெண்டே ரெண்டுஉ..."

காத்தாயி விட்டத்தை முறைத்தாள். "சத்தியமா நான் இல்லக்கா!" என்று வாயாடி இரண்டு சிறகையும் தூக்கியது.

நிலைப்படியில் மாயழகே நின்றிருந்தான். "ஊத்துங்க மதினீஈ... உங்களுக்குத்தேன். நான் தட்டைப் பிடிச்சுக்கிறேன்."

கல்லில் ஒட்டிக் கிடந்த முறுகலைச் சுரண்டி, காத்தாயி விட்டத்தை நோக்கி நீட்டினாள். வாயாடி வந்து அவள் விரலில் உட்கார்ந்து, பருப்பு ஊட்டிய நாளைப்போலவே, சத்தமில்லாமல் வாங்கித் தின்றது.

தின்று முடித்ததும் அதனால் சும்மா இருக்க முடியவில்லை. ஊர் ஊராகப் பறந்து, ஒவ்வொரு அடுப்படிச் சாளரத்திலும் உட்கார்ந்து, கல்லண்ணன் குரலிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தது. மானம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு கல் செய்ததைக் கேட்டு, மற்றக் கற்களும் ஒவ்வொன்றாகத் தலையாட்டின.

கல் சரியாகக் காயவில்லை என்று நாம் சொல்வதை அவை காதில் வாங்கிக்கொள்வதே இல்லை. அன்று காலையிலிருந்துதான், எந்த வீட்டுக் கல்லானாலும், அடுப்பின் முன்னால் நிற்கிறவர் ஒரு வாய் தின்னட்டும் என்று முதல் தோசையை விடாமல் பிடித்து வைக்கிறது.